பாமசி இல்லாத கடல்

இராகுலனுக்கு நீச்சல் தெரியாது. பத்து வருடத்துக்கு மேல் என்னோடு ஆழ்கடலுக்கு வந்தவன், இன்றைக்கும் இடுப்பளவு தண்ணீருக்கு மேலே இறங்க மாட்டான். கிளிவெட்டியில் வயல் செய்த குடும்பம். சண்டையில் இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக அலைந்து, படிப்பும் பாதியில் நின்று, கடைசியில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிற வேலைக்கு வந்து சேர்ந்தான். அங்கேதான் நான் அவனைப் பிடித்தேன். நான் பலநாள் படகு ஓட்டுகிறவன். ஒருமுறை போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள் கழித்துத்தான் கரை. அதற்கு ஆள் பார்த்து எடுக்க வேண்டும். வாய்க்காரன் உதவமாட்டான், முன்கோபக்காரனும் உதவமாட்டான். இவன் வேலை செய்கிறபோது வாய் திறக்கவில்லை. அது போதும் என்று கூட்டிக்கொண்டு போனேன்.

படகின் அடியில் ஐஸ் அறை. அதற்குள் குனிந்து நின்று ஐஸை உடைத்து, மீனை அடுக்கி, மேலே ஐஸ் போட்டு மூட வேண்டும். ஒழுங்காகச் செய்யாவிட்டால் கரைக்கு வருகிறபோது மீன் வெளுத்துப் போகும். இவன் அதை வயலுக்கு வரம்பு கட்டுவதுபோலச் செய்வான். தட்டித் தட்டி, ஓரம் பார்த்து, ஒரு இடம் தாழாமல் ஏறாமல். இருபதாம் நாள் எடுத்த மீனும் நேற்றுப் பிடித்ததுபோல இருக்கும். மற்றப் படகுக்காரர்கள் அவனைத் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு நாள், அவன் உள்ளே நிற்கிறபோது பக்கவாட்டில் ஒரு பெரிய அலை அடித்தது. தடுப்புப் பலகை உடைந்து, அடுக்கியிருந்த சூரை மீனும் ஐஸும் மொத்தமாக அவன் முதுகில் சரிந்தன. தோண்டித்தான் எடுத்தோம். கரைக்கு வந்து படம் எடுத்துப் பார்த்தபோது முள்ளந்தண்டில் தட்டு விலகியிருக்கிறது என்றார்கள். நோவுக்கு ட்ரமடோல் என்ற குளிசை இரண்டு கிழமைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த டொக்டரில் பிழை இல்லை. இரண்டு கிழமைக்குத்தான் எழுதினார்.

டொக்டர் எழுதிய துண்டு முடிந்தது, நோ முடியவில்லை. மருந்து விற்கிற ஒரு பாமசியில் துண்டு இல்லாமலே கொடுத்தார்கள். அவன் ஓய்வெடுக்கவும் இல்லை, நான் எடுக்கச் சொல்லவும் இல்லை. இரண்டு குளிசை போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் இறங்குவான், வேலை நடக்கும். எனக்குத் தேவை வேலைதானே. பிறகு இரண்டு நாலாகி, நாலு பத்துக் குளிசை உள்ள ஒரு அட்டையாகி, போன வருடக் கடைசியில் ஒரு நாளைக்கு இரண்டு அட்டை. சாராயம் என்றால் மணக்கும். இது மணக்காது. மூக்கைச் சொறிவான், வியர்ப்பான், கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். நித்திரைக் குறைவு என்று நினைத்துக்கொண்டோம்.

அவன் மனைவி கஜந்தி முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். சத்தம் போட்டுக் கதைக்க மாட்டாள். இந்தத் தை மாதம் ஒரு காலையில் துறைமுகத்து வாசலில் வந்து நின்றாள்.

"ஆனந்தண்ணை, இவற்ர கையைப் பாத்தனீங்களோ?"

"என்ன கைக்கு?"

"சிகரெட் பத்தவைச்சபடி கதிரையில இருந்தவர். விரலிடுக்கு கருகிற மட்டும் அவருக்குத் தெரியேல்லை. நான் மணத்துக்கு ஓடி வந்தனான். அவர் என்னைப் பாத்துச் சிரிக்கிறார் அண்ணை."

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். உள்ளே வெறும் அட்டைகள், றப்பர் பாண்ட் போட்டுக் கட்டியிருந்தாள். எல்லாம் அலுமாரிக்குப் பின்னாலும் குசினிக் கூரையிலும் எடுத்தவை.

"நான் சொன்னா கேக்கிறார் இல்லை. நிப்பாட்டுறன் எண்டுவார், பின்நேரம் பாமசியில நிப்பார். நீங்கள் கடல் ஏத்துங்கோ. அங்க பாமசி இல்லைத்தானே."

கடல் ஏற்றுவது என்பது எங்களிடம் உள்ள வழக்கம். குடிகாரன் ஒருவன் கை மீறிப் போனால் வீட்டார் அவனைப் படகு ஓட்டுகிற ஸ்கிப்பரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். படகில் சாராயம் ஏற்ற விடமாட்டோம். முதல் இரண்டு நாள் நடுங்குவான், சத்தி எடுப்பான், தாய் தகப்பனை இழுத்து ஏசுவான். ஐந்தாம் நாள் சோறு கேட்பான். பத்தாம் நாள் தூண்டில் லைன் இழுப்பான். நானே மூன்று பேரை அப்படிக் கொண்டு போய் ஆளாக்கிக் கொண்டு வந்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகவே யோசிக்கவே இல்லை.

"அனுப்பு பிள்ளை. இருபது நாளில உனக்குப் புது மனிசன் தாறன்" என்றேன்.



படகில் ஐந்து பேர். நான், இராகுலன், கிண்ணியா அலியார் காக்கா, பிறகு சிங்களச் சகோதரர்கள் இரண்டு பேர். முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அறுபது வயது. சமையலும் அவர், சண்டை தீர்ப்பதும் அவர். வெளிக்கிட்ட முதல் நாள் இராகுலன் நல்ல உற்சாகமாக இருந்தான். அதுவே எனக்குச் சந்தேகம். இரண்டாம் நாள் பின்நேரம் எஞ்சின் அறையில் ஒயில் பில்டர் பெட்டியைத் திறந்தேன். பில்டர் இல்லை, பதினான்கு அட்டை இருந்தது.

அவனைக் கூப்பிட்டேன். அவன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், நிறம் மாறிப் போனான்.

"அண்ணை, அதைத் தாங்கோ. நான் குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டத்தான் கொண்டு வந்தனான்."

"கள்ளன் எல்லாம் இப்பிடித்தான் சொல்லுறது."

"சத்தியமா அண்ணை. ஒரேயடியா விட்டா எனக்கு ஏலாது. நான் ஒருக்கா விட்டுப் பாத்தனான். பயமா இருக்கு."

நான் கேட்கவில்லை. ஒவ்வொரு அட்டையாக அவன் கண்ணுக்கு முன்னால் கடலில் எறிந்தேன். காற்றில் மினுங்கி மினுங்கிப் போய் விழுந்தன. அவன் காலைப் பிடித்தான். என் காலை ஒருவன் பிடித்தது அதுதான் முதல் தடவை. நான் உதறிவிட்டு மேலே போனேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற திருப்தியோடு போனேன்.

மூன்றாம் நாள் காலையில் லைன் விட்டோம். மைல் கணக்கான கயிறு, ஆயிரத்துக்கு மேல் தூண்டில். அவன் வேலைக்கு வரவில்லை. படுக்கைத் தட்டில் சுருண்டு கிடந்தான். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, வயிற்றோட்டம் நிற்கவில்லை. கால் இரண்டும் சும்மா கிடக்காமல் உதைத்துக்கொண்டே இருந்தன. முதுகு நோ முன்னையதைவிடப் பத்து மடங்கு என்றான். எலும்புக்குள் எறும்பு ஓடுகிறது என்றான். கண் மூடவே இல்லை.

அலியார் காக்கா தேத்தண்ணியோடு போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, இது குடிகாரன்ட நடுக்கம் இல்ல. நான் எத்தின பேரப் பாத்திருக்கன். இவன்ட கண் வேற மாதிரி இருக்கு. படகத் திருப்புவம்."

"லைன் தண்ணிக்குள்ள கிடக்கு காக்கா. இன்னும் ஒரு நாள் பாப்பம்."

"ஒரு நாளில என்ன பாக்கப் போறாய்?"

"நாளைக்கு எழும்பிச் சோறு கேப்பான்."

"நீ கேட்டா அவன் எழும்புவானாக்கும். நீ என்ன டொக்டரா?" என்று சொல்லிவிட்டு அவர் குசினிப் பக்கம் போய்விட்டார். அந்த ஒரு நாளை நான் எடுத்தேன். வேறு யாரும் எடுக்கவில்லை.

நான்காம் நாள் விடிந்து வெயில் ஏறியிருந்தது. லைனை இழுத்துக்கொண்டிருந்தோம். கடல் சலனம் இல்லாமல், எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. இராகுலன் தானாக எழுந்து மேலே வந்தான். எனக்குச் சந்தோஷம். பார்த்தீர்களா காக்கா என்று சொல்லத் திரும்பினேன். அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படகின் ஓரத்தில் நின்றான். யாரோடோ கதைப்பதுபோல இருந்தது.

"வாய்க்கால் உடைஞ்சுபோட்டுது. தண்ணி முழுக்க வயலுக்குள்ள நிக்குது."

"என்னடா?"

"நீங்கள் இருங்கோ அண்ணை. நான் இறங்கிக் கட்டிப்போட்டு வாறன்."

மிகவும் சாதாரணமாகச் சொன்னான். கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்பதுபோல. சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கி வெளியே வைத்தான். நான் மற்றப் பக்கத்தில், கையில் தூண்டில் கயிறு. என் உடம்பு அசையவில்லை. அலியார் காக்கா அந்த வயதில் எப்படிப் பாய்ந்தாரோ தெரியாது, அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தார். இரண்டு பேரும் மீன் கிடந்த தட்டில் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது.

நான் பிரேதம் பார்த்திருக்கிறேன். ஆளைச் சுறா இழுத்ததையும் பார்த்திருக்கிறேன். அவன் உடம்பு அந்தப் பலகையில் அடித்த சத்தத்துக்குப் பயந்ததுபோல நான் ஒன்றுக்கும் பயந்ததில்லை. வாயில் நுரை. முகம் நீலமாகிக்கொண்டு வந்தது. நான் ஓடிப்போய் ஸ்பானர் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தேன். வலிப்பு வந்தவனுக்கு இரும்பு கொடு என்றுதானே எங்களுக்குத் தெரியும். அவன் கை அதோடு சேர்ந்து அடித்ததில் அவன் நெற்றியே வெடித்து இரத்தம் வந்தது.

"ரேடியோவில கூப்பிடு" என்று காக்கா கத்தினார். "கூப்பிடு, நிண்டு பாக்காத."

கரையில் ரேடியோ அறையில் இருந்த பொடியனுக்கு நான் சொன்னது முதலில் விளங்கவில்லை. என் பல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவன் ஆசுபத்திரிக்குத் தொலைபேசி எடுத்து, தொலைபேசியை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தான். டொக்டர் நஸ்ரின் என்ற ஒரு பெண் டொக்டர் வந்தார். குரல் தூரத்தில் இருந்து கிணற்றுக்குள் கதைப்பதுபோல வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை குளிசை போடுறவர்?"

"இருபது மட்டில, டொக்டர்."

"எப்ப நிப்பாட்டினது?"

"முந்தநாள் பின்நேரம்."

"அவராகவே நிப்பாட்டினாரா?"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பொடியனும் கேட்டுக்கொண்டிருக்கிறான், அந்த அலைவரிசையில் உள்ள மற்றப் படகுகளும் கேட்டுக்கொண்டிருக்கும்.

"நான்தான் எல்லாத்தையும் கடலில எறிஞ்சனான்."



"ஒண்டும் மிச்சமில்லையா?"

"இல்லை."

"சரி. உங்களோட கோவிக்க இப்ப நேரமில்லை. நான் சொல்லுறதச் செய்யுங்கோ. ஆளை ஒருக்களிச்சுப் படுக்க வையுங்கோ. கையில இரும்பு ஏதும் குடுத்திருந்தா எடுங்கோ. வாய்க்குள்ள எதையும் வைக்கக் கூடாது, அமத்திப் பிடிக்கவும் கூடாது. நினைவு நல்லா வந்தாப் பிறகு சீனியும் உப்பும் போட்ட தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா. நித்திரைக் குளிசை, சாராயம் ஒண்டும் வேண்டாம். தனிய விடாதேங்கோ. எவ்வளவு நேரத்தில வருவீங்கள்?"

"முப்பது மணித்தியாலம்."

"அப்ப இப்ப திருப்புங்கோ" என்றார். "இப்ப."

வெளியே வந்தேன். வலிப்பு நின்றிருந்தது. மூச்சு குறட்டைபோல இழுத்துக்கொண்டிருந்தது. லைன் பாதிக்கு மேல் இன்னும் தண்ணீருக்குள். சகோதரர்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கத்தியைக் காக்காவிடம் நீட்டினேன்.

"வெட்டுங்கோ காக்கா."

"முழுக்கவுமா?"

"வெட்டுங்கோ எண்டு சொல்லுறன்."

அவர் வெட்டினார். கயிறு ஒரு தரம் துள்ளி உள்ளே போயிற்று.

அந்த முப்பது மணித்தியாலமும் நான் சுக்கானை விட்டு எழும்பவில்லை. இராகுலனை எனக்குப் பக்கத்தில் கீழே கிடத்தினோம். காக்கா தண்ணீர் பருக்குவார், துடைப்பார், சாரம் மாற்றுவார். நான் சுக்கானைப் பிடித்தபடி ஒரு காலை நீட்டி அவன் முதுகில் தொட்டுக்கொண்டிருந்தேன். காலால் மனிதரைத் தொடக்கூடாதுதான். கை இரண்டும் வேலையாக இருந்தது, எனக்கு அவன் அசைகிறானா என்று தெரிய வேண்டும். அசைவு நின்றால் என் நெஞ்சும் நிற்கும். பிறகு ஒரு நடுக்கம் வரும், அப்பாடா என்று இருக்கும். நடுக்கம் கூடினால் அடுத்த வலிப்போ என்று பயம். அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். இடையில் அவன் தெளிந்து ஒருமுறை என்னைப் பார்த்தான்.

"அண்ணை, நான் சாகப் போறனோ?"

"விசர்க் கதை கதைக்காதை."

"கஜந்திக்கு என்ன சொல்லுவியள்?"

காக்காதான் சொன்னார், "நீயே போய்ச் சொல்லு. நாங்க என்ன உனக்குத் தபால்காரனா?"

அடுத்த நாள் பின்நேரம் துறைமுக வாய்க்குள் நுழைந்தோம். இறங்குதுறையில் அம்புலன்ஸ் நின்றது. கஜந்தி முன்பள்ளிச் சீலையோடு நின்றாள். நான் கயிறு எறிந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போகிறபோது அவன் உதடு வெடித்து, கண் குழி விழுந்து, ஐந்து நாளில் பத்து வயது கூடியவனாகத் தெரிந்தான். அவள் அழவில்லை. அவன் பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வண்டிக்குள் ஏறினாள்.

ஆசுபத்திரியில் இரண்டு நாள் கழித்துத்தான் நான் போனேன். போகப் பயம். டொக்டர் நஸ்ரினை அப்போதுதான் நேரில் கண்டேன். சின்னப் பிள்ளை மாதிரி உருவம். நான் ஏச்சு வாங்கத் தயாராகத்தான் போனேன். அவர் கதிரையைக் காட்டினார்.

"நீங்கள் குடிகாரரைக் கடல் ஏத்திறதே பெரிய ஆபத்து. அதிலயும் ஆக்கள் செத்துப் போவினம். இது இன்னொரு வகை. இவ்வளவு குளிசை போட்டவரை ஒரேயடியா நிப்பாட்டினா உடம்பு தாங்காது, சிலருக்கு மூளையும் குழம்பும். இனி நாங்கள் அளவாக் குடுத்து, கிழமைக்குக் கிழமை குறைச்சுக்கொண்டு வருவம். நாலு மாசம் ஆகலாம். முதுகுக்கு வேற வைத்தியம் செய்வம்."

"அப்ப அவன் அண்டைக்குச் சொன்னது சரிதான்" என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"குறைச்சுக் குறைச்சு நிப்பாட்டத்தான் கொண்டு வந்தனான் எண்டவன்."

"அவராத் தனியச் செய்திருந்தா செய்திருப்பாரோ தெரியாது" என்றார் டொக்டர். "எண்டாலும் அவருக்குத் தன்ர உடம்பு தெரிஞ்சிருக்கு."

வாட்டுக்கு வெளியே மர வாங்கில் கஜந்தி இருந்தாள். நான் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை எறிந்தது, காலைப் பிடித்தது, காக்கா திருப்பச் சொல்லியும் ஒரு நாள் பிந்தியது. ஒன்றையும் விடவில்லை. அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"நான்தானே ஏத்தச் சொன்னனான்" என்றாள் கடைசியில். பிறகு, "ஆனா அந்த ஒரு நாள் அண்ணை..." என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அலியார் காக்கா தோடம்பழத்தோடு வந்து அவன் கட்டிலில் ஏறி இருந்துகொண்டு, வயல் முதலாளியைக் கூப்பிடுவதுபோலக் கேட்டார்.

"என்ன போடியார், கடலில எத்தின ஏக்கர் விதைச்ச?"

இராகுலன் சிரிக்க முயன்றான். கண்ணீர்தான் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் விடவில்லை. குளிசையைக் கஜந்தி பூட்டி வைத்துக் காலையும் மாலையும் எடுத்துக் கொடுப்பாள். அளவு குறைக்கிற ஒவ்வொரு கிழமையும் இரண்டு மூன்று நாள் அவன் நித்திரை இல்லாமல் முற்றத்தில் நடப்பான், வியர்ப்பான். ஆறாம் கிழமை ஒரு நாள் அவன் காணாமல் போய்விட்டான். நான் மோட்டார் சைக்கிளில் கடற்கரை முழுவதும் தேடினேன், ஆளைத் தேடவில்லை, தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு போனேன். அவன் பின்நேரம் தானாக வந்தான். எங்கேயோ வாங்கிப் போட்டிருந்தான். கஜந்தியிடம் அவனே சொன்னான். அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டரிடமும் சொன்னான். அவர் கோபிக்கவில்லை. ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்குவோம் என்றார். எனக்குத்தான் பயம். இது இப்படியே முடியாமல் போகுமோ என்று.

முடிந்தது. வைகாசிக் கடைசியில் கடைசிக் குளிசை. அதற்குப் பிறகு பதினோராம் நாள் மத்தியானம் நான் அவன் வீட்டுக்குப் போனேன். கஜந்தி கதவு நிலையில் நின்றாள். விரலை வாயில் வைத்து உள்ளே காட்டினாள்.

பாயில் கிடந்தான். மல்லாக்க, வாய் திறந்து, கை ஒன்று வெளியே விழுந்து.

"காலமை பத்து மணிக்குப் படுத்தவர்" என்று இரகசியமாகச் சொன்னாள். "அசையவே இல்லை. அண்ணை, பழைய மாதிரி ஏதும் போட்டிருப்பாரோ?"

"தேடினனியோ?"

"எல்லா இடமும் பாத்திட்டன். ஒண்டும் இல்லை."

நான் பக்கத்தில் குந்தினேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது. உதட்டின் நிறம் பார்த்தேன். இமையைத் திறந்து பார்க்கலாமோ என்று கையைக் கொண்டு போய்விட்டு எடுத்தேன். கஜந்தி மற்றப் பக்கத்தில் வந்து இருந்தாள். வெளியே மீன்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவும் யோசித்துக்கொண்டு அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கால் விறைத்துப் போயிற்று.

திடீரென்று அவன் ஒரு கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"என்ன ரெண்டு பேரும் செத்தவீட்டில இருக்கிற மாதிரி இருக்கிறியள்?"

"ஏன்ரா இவ்வளவு நேரம் படுத்தனி?" என்றேன்.

"நித்திரை வந்தது, படுத்தனான்." அவனுக்கு எரிச்சல். "மனிசன் நித்திரை கொள்ளவும் ஏலாதோ?"

கஜந்தி எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனாள். கேத்தல் மூடி அவள் கையில் இருந்து நழுவி நிலத்தில் விழுந்து, உருண்டு, நெடுநேரம் சத்தம் போட்டது. நாங்கள் ஒருவரும் எழும்பி எடுக்கவில்லை. இராகுலன் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் அவன் முதுகு அசைவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தேன்.